எட்டு ஓட்டைப் பெட்டியில் மிஞ்சிய முனை

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது மாமா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எல்லாரும் சேர்ந்து என் தலையை உருட்டக்கூடாது.

மாமா என்றால் அக்காவின் கணவர். அவர்கள் வீட்டு மாடி அறையில் ஏழு வருஷமாகக் குடியிருக்கிறேன். நாவல் முடிகிற வரைக்கும் மட்டும் என்று சொல்லி வந்தவன். நாவலைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்.

அக்கா என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வருகிறது. தட்டை மேசைமேல் வைக்கிற சத்தத்திலேயே சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டுப் போகிறாள். ஒன்பதாம் நாள் காலையில் மாமா படியேறி வந்தார். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்று பேசினார்.*

"மாப்ளே, நீ எழுதறவன்தானே. அவ சிரிக்கிற மாதிரி ஒண்ணு எழுதிக் குடேன். சிரிச்சுட்டான்னா பேசிடுவா."

"என்னன்னு எழுத?"

"நடந்ததையே எழுது." கொஞ்சம் யோசித்தார். "ஆனா நடந்த மாதிரியே எழுதிடாதே."

இருபது வருஷமாக இலக்கியக் கூட்டங்களுக்குப் போகிறேன். கதை எழுதுவதைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நடந்தது இவ்வளவுதான்: அக்கா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை எழுத உட்கார்ந்தாள். நடுவில் இணையம் அறுந்தது. பரீட்சை செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். யார் பார்த்த வேலை என்று அக்கா கேட்டாள். நான்தான் என்று நான் சொன்னேன்.

* நிற்கும்போது கதவுக் கீலை ஆட்டிப் பார்த்தார். அது தளர்ந்திருந்தது. பழைய மாமாவாக இருந்தால் பேச்சுக்கு நடுவிலேயே சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூட்ரைவரை எடுத்திருப்பார். அன்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதை நான் கவனித்தேன், ஆனால் அதற்கு ஒன்றும் செய்யவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

மனிதகுலம் ஒருவரோடொருவர் இணையத் துடிக்கும் இந்த யுகத்தில், ஒரு சிறு பெட்டி

(வேண்டாம். அக்கா 'யுகம்' என்ற சொல்லைப் பார்த்தால் அந்தத் தாளிலேயே காய் நறுக்கிப் போடுவாள்.)

இரண்டாவது:

காலை பத்து இருபதுக்கு அந்தப் பெட்டி பைத்தியம் பிடித்துக் கண் சிமிட்டத்

(தேவலை. ஆனால் பெட்டி எதற்கு வந்தது என்று தெரியாமல் அதற்குப் பைத்தியம் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன?)

மூன்றாவது:

என் அக்கா பிறந்ததிலிருந்தே

(அவ்வளவு தூரம் போகவேண்டாம்.)

மாமாவுக்கு இப்படிப் பாதியில் விட்ட வாக்கியங்களைக் கண்டால் ஆகாது. என் மேசையைக் கடந்து போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, "இதை முடிச்சிடேன் மாப்ளே, தொங்குதே" என்பார். இவை இப்படியே தொங்கட்டும். எப்படித் திண்டாடினேன் என்று அக்காவும் பார்க்கட்டும்.

3

அக்காவுக்கு ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு வருஷமாக ஒரு ஆஸ்பத்திரியில் பதிவு கவுண்டரில் வேலை. நம் மொழி மட்டுமே தெரிந்த நோயாளி யாராவது வந்துவிட்டால், அது புரியாத டாக்டர்கள் கவுண்டரை எட்டிப் பார்த்து அவளைத்தான் கூப்பிடுவார்கள். குத்துகிற வலி, இழுக்கிற வலி, எரிகிற வலி என்று மூன்றையும் இரண்டு மொழியிலும் பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியும். இப்போது கவுண்டரில் பதிவுக்கு ஒரு மெஷினை வைத்துவிட்டார்கள். மொழிபெயர்க்கிற வேலை காலியாக இருக்கிறது, ஆனால் உரிமம் இருந்தால்தான் தருவார்களாம். இத்தனை நாள் சும்மா செய்த வேலைக்கு இப்போது பரீட்சை எழுதி உரிமம் வாங்கவேண்டும். வருஷத்துக்கு இரண்டே முறை உட்காரலாம். இரண்டும் போனால் வேலையும் போயிற்று.

பரீட்சை வீட்டில்தான்; கேட்பதை வாயாலேயே மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். நிபந்தனைகள்: கதவு சாத்தியிருக்க வேண்டும், மேசை காலியாக இருக்க வேண்டும், அறையில் இன்னொரு ஆள் கூடாது, இணையம் வயர் வழியாகத்தான் வரவேண்டும். காற்றில் வருகிற வைஃபை செல்லாது. தொடர்பு அறுந்து ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் பரீட்சை ரத்து.

கூடத்தில் இருக்கும் மோடத்தில் வயர் சொருக இரண்டே ஓட்டை. ஒன்று டிவிக்கு. இன்னொன்றிலிருந்து கிளம்பிய வயர் மாடிப்படி ஓரமாக ஏறி என் கம்ப்யூட்டருக்கு வருகிறது. "என்னுடையதைப் பிடுங்கிக்கோ அக்கா" என்று நான் சொல்லியிருக்கலாம். எல்லாரும் அதற்காகத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான், "ஒரு ஸ்விட்ச் வாங்கிட்டா போச்சு" என்றேன். இந்தக் கதையின் மூலம் அந்தச் சுயநலம்தான். எழுதியாயிற்று, அடிக்கமாட்டேன்.

ஸ்விட்ச் என்பது டிபன் டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. முகத்தில் எட்டு ஓட்டை. ஒன்றில் மோடத்திலிருந்து வரும் வயர்; மற்றவற்றிலிருந்து வீட்டில் எங்கே வேண்டுமோ அங்கே. எந்த ஓட்டைக்குப் பின்னால் எந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று அதுவே தெரிந்து வைத்துக்கொண்டு, அவரவருக்கு வந்ததை அவரவரிடம் கொண்டு சேர்க்கும்.

மாமா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அணைக்கிறது எங்க இருக்கு?"

"இதுல அணைக்கிறதெல்லாம் கிடையாது மாமா."

"அணைக்க முடியாததுக்கு ஸ்விட்சுன்னு பேரா? யாரு வெச்சாங்க?"

ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, மாட்டுகிற வேலையை மாமா எடுத்துக்கொண்டதும் வீடே ஒரு ஒழுங்குக்கு வந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சுவரில் துளை போட்டார். பெட்டி அரை நூல்கூடச் சாயவில்லை. ஒவ்வொரு வயரையும் சுவரோடு கிளிப் அடித்துக் கொண்டுபோனார். முனைகளில் சின்ன அட்டை கட்டி 'டிவி', 'மாடி', 'பரீட்சை' என்று எழுதினார். 'பரீட்சை' என்பதை மட்டும் சிவப்பு மையில். நான் செய்தது ஒன்றே ஒன்று. பரீட்சை நாள் காலையில் என் லேப்டாப்பைக் கொண்டுவந்து, ஒரு குட்டை வயரால் ஸ்விட்சில் மாட்டிச் சோதித்தேன். பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டேன்.

4

இப்போது ஒரு சிக்கல். மாமாவை இந்தக் கதைக்குள் எப்படி வைப்பது?

கதையில் ஒரு ஆளைக் கொஞ்சம் மட்டமாகக் காட்டினால்தான் சிரிப்பு வரும். ஆனால் மாமாவை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் மட்டமாகத் தெரியமாட்டேன் என்கிறார். முப்பத்து நாலு வருஷம் லைன்மேன். மின்கம்பத்தின் உச்சியிலிருந்து கீழே நிற்பவனிடம் பேசிப் பேசி, அவருக்கு மெதுவாகப் பேசுவது என்றால் என்ன என்றே மறந்துபோயிற்று. தொழிலில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்: திறந்த முனையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதே. வயர் எங்கே முடிந்தாலும் அது ஒன்றில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் டேப் சுற்றியிருக்க வேண்டும். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் அது அவரை விடவில்லை. பற்பசை மூடி, தோட்டத்து ஹோஸ் பைப், அக்காவின் பின்னல் நூல் என்று எதையும் தொங்க விடமாட்டார்.

(இதைச் சிரிப்பாகத்தான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கூட வேலை பார்த்தவர் ஒருவர் ஒரு மழை நாளில் அவசரமாக, டேப் சுற்றாமல் இறங்கிவிட்டார். மறுநாள் காலை அதே கம்பத்தில் இன்னொருவர் ஏறி

மாமா இதற்கு மேல் என்னிடம் சொன்னதில்லை.)

5

பரீட்சை நாள். பத்து மணிக்கு அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து இருபதுக்கு என் அறையில் இணையம் போயிற்று.

இங்கே நான் என்ன செய்தேன் என்பதைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிக் கடந்துபோக ஆசை. நாலு நாலு படியாகத் தாவி இறங்கி மோடத்திடம் ஓடினேன். அணைத்துப் போட்டேன். அது உயிர் பெற்று எழ இரண்டு நிமிஷம் எடுத்தது. வரவில்லை. மறுபடி அணைத்துப் போட்டேன். அது எழுவதற்குள் இணையக் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் மிகவும் இனிமையாக, "மோடத்தை ஒருதடவை அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா சார்?" என்றாள்.

அப்போதுதான் தலையைத் திருப்பி ஸ்விட்சைப் பார்த்தேன். வழக்கமாக அதன் விளக்குகள் ஒன்று மாற்றி ஒன்று, சாவகாசமாக மினுக்கும். இப்போது எல்லாமே ஒன்றாக, ஒரே வேகத்தில், படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரே குட்டை வயரின் இரண்டு முனையும் அந்த ஒரே பெட்டியில் சொருகியிருந்தது. நாலாவது ஓட்டையில் கிளம்பி ஏழாவது ஓட்டைக்கு வந்திருந்தது.

இது ஏன் வினை என்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர்கள் அவ்வப்போது 'அங்கே யார் இருக்கீங்க?' என்று எல்லாரையும் பார்த்துக் குரல் கொடுக்கும். ஸ்விட்ச் அதை எல்லா ஓட்டைக்கும் அனுப்பும். நாலில் போனது ஏழில் திரும்பி வரும். புதிதாக யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து மறுபடி எல்லாருக்கும் அனுப்பும். அதுவும் திரும்பி வரும். ஒரு விநாடிக்குள் அந்த ஒரே கேள்வி லட்சம் கேள்வியாகி, வேறு எதற்கும் இடமில்லாமல் ஆகிவிடும். விலை கூடின பெட்டிகளில் இதைத் தடுக்க வழி இருக்கிறதாம். நான் வாங்கினது அந்த ரகமில்லை.

வயரைப் பிடுங்கினேன். எல்லாம் உடனே சரியாயிற்று. மொத்தம் ஏழு நிமிஷம் ஆகியிருந்தது.

அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். ஒரு வருஷமாகத் துணி மடிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் வாய்க்குள் மொழிபெயர்த்து முணுமுணுத்துப் பழகியவள் அவள்.

"யாரு பாத்த வேலைடா இது?"

"நான்தான் அக்கா. தெரியாம சொருகிட்டேன்."

கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

6

குற்றவாளி விஷயத்துக்கு வருவோம். மாமாவின் ஆணைப்படி நடந்த மாதிரி எழுதக்கூடாது. எனவே கதையின் முதல் கையெழுத்துப் படியில் ஒரு பூனையைக் கொண்டுவந்தேன்.

சாம்பல் நிறப் பூனை ஜன்னல் வழியே குதித்து, ஆடிக்கொண்டிருந்த வயரை எலி வால் என்று நினைத்துப் பாய்ந்து கவ்வி

மாமாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதித் திருப்பித் தந்தார். 'முனையில் கிளிப் இருக்கிறது. கட்டைவிரல் இல்லாத பிராணியால் ஆகாது.'

"கதைதானே மாமா."

"கதைன்னா? பூனை ஓட்டைல வயரைச் சொருகிச்சுன்னு எழுதினா உன்னைப் பத்தி ஊர்ல என்ன நெனைப்பாங்க?"

இரண்டாம் படியில் இணையக் கம்பெனி ஆள் ஒருவர் திடீரென்று வந்து மாட்டிவிட்டுப் போனார். மாமாவுக்கு அதுவும் ஆகவில்லை. "வேலைக்கு வந்த மனுஷன்மேல பொய்யாப் பழி போடாதே. அவனுக்கும் குடும்பம் இருக்கும்" என்றார்.

மூன்றாம் படியில் நானே குற்றவாளி. ஏதோ கவிதை யோசனையில் நடந்து வந்து, என்னையறியாமல் கை நீண்டு சொருகிவிட்டது என்று எழுதினேன். இதை மாமா வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பென்சிலை எடுக்கவே இல்லை.

"இது போதும் மாப்ளே. இதையே குடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். கம்பம் ஏறிய மனிதர் அப்படி இறங்கிப் பார்த்ததே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

7

(இந்தப் பகுதியை மாமாவுக்குக் காட்டவில்லை.)

அன்று ஸ்விட்சுக்கு முன்னால் மாமா நின்றுகொண்டிருந்தார். ஐந்தாம் பகுதியில் அவரை அங்கிருந்து எடுத்துவிட்டிருந்தேன். இப்போது திரும்ப நிற்க வைக்கிறேன். பரீட்சை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார். குட்டை வயர் ஒன்று ஸ்விட்சிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு முனை பெட்டிக்குள், இன்னொரு முனை திறந்தபடி காற்றில். உள்ளே பெண்டாட்டி பரீட்சை எழுதுகிறாள், வெளியே திறந்த முனை ஒன்று தொங்குகிறது. முப்பத்து நாலு வருஷச் சட்டம் அவர் கையைப் பிடித்துத் தள்ளியிருக்கிறது. காலியாக இருந்த இன்னொரு ஓட்டையில் அதை 'டிக்' என்று சொருகிவிட்டார்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றபோது அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"பாத்தியா மாப்ளே? முன்னாடி ஏனோதானோன்னு எரிஞ்சுது. இப்பதான் எல்லா லைட்டும் பிரமாதமா எரியுது."

நான் வயரைப் பிடுங்கினேன். ஏன் என்று சொன்னேன். அந்த முகத்திலிருந்து அந்தத் திருப்தி இறங்கியதை எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த நேரத்தில்தான் அக்காவின் கதவு திறந்தது. அவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன்.

8

கதை இந்த இடத்தில் நின்றது. எந்தப் படியை அக்காவிடம் கொடுப்பது என்று தெரியாமல் எல்லாத் தாளையும் மேசைமேல் பரப்பி வைத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அக்காவே மேலே வந்தாள். தட்டு இல்லாமல் வந்தாள்.

"உங்கிட்ட பேச வரல. மாமாவைப் பத்திக் கேக்க வந்தேன்."

"என்ன அக்கா?"

"பாத்ரூம் பல்பு போயி அஞ்சு நாள் ஆச்சு. மாத்துங்கன்னா, 'யாராவது தெரிஞ்ச ஆளைக் கூப்பிடு'ங்கறாருடா. பல்புக்கு! மிக்ஸி பிளக் லூசா இருக்கு, பாத்துக்கிட்டே தாண்டிப் போறாரு. எனக்கு பயமா இருக்கு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டுமா?"

சொல்லிக்கொண்டே அவள் கண் மேசைக்குப் போயிற்று. நான் தாள்களை அள்ளினேன். அக்கா என்னைவிட வேகம். கட்டிலில் உட்கார்ந்து, ஒன்றாம் பகுதியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. நான் ஜன்னலைப் பார்த்தபடி நின்றேன். பூனை இடத்தில் 'ஹும்' என்றாள். ஏழாம் பகுதிக்கு வந்ததும் கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர்.

"பிரமாதமா எரியுதுன்னாரா?"

"ஆமா."

"அடப்பாவமே. பாவம்டா அவரு."

நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன் என்று நினைக்கிறேன். பழியைத் தாங்கிய தம்பி, பன்னிரண்டு நாள் மௌனம். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைப் புரட்டினாள். "ஒரு விஷயம். 'குட்டை வயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது'ன்னு எழுதியிருக்கே. அதுவா நடந்து வந்து தொங்குச்சா?"

"அது..."

"மூணாம் பகுதியில லேப்டாப்பை எடுத்துட்டு மேல போயிட்டே. எதுல மாட்டிச் சோதிச்சியோ அந்த வயரை என்னடா பண்ணினே?"

அந்த வாக்கியத்தை நான் எழுதாமல் விட்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன்: வயரை ஸ்விட்சிலிருந்து பிடுங்காமல் அப்படியே தொங்க விட்டுவிட்டுப் போனேன்.

"தொங்க விட்டது நீ. ஸ்விட்சு கத்தும்போது மோடத்தைப் போய் ரெண்டு தடவை எழுப்பினது நீ. பேசிப் பேசி நேரத்தைக் கொன்னது நீ. இதுல பெரிய தியாகி வேஷம் வேற! நீ பொய்யே சொல்லலடா. உன்னாலதான்னு நீ சொன்னது சரியாத்தான் இருக்கு."

இத்தனை விமர்சகர்கள் என்னைக் கிழித்திருக்கிறார்கள். ஒருவரும் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

எழுந்து, தாள்களை அடுக்கி என் கையில் வைத்தாள். "நான் இதைப் படிக்கல. புரிஞ்சுதா? மாமாகிட்ட மூச்சு விடாதே. அவரா வந்து சொல்லட்டும்."

"சொல்லலைன்னா?"

"சொல்லுவாரு."

கீழே போய், கூடத்தில் நின்று, எனக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். "ஏங்க, செவ்வாக்கிழமை மறுபடி பரீட்சை. இதான் கடைசி. அந்த ஸ்விட்சை நீங்கதான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கணும். உங்களைத் தவிர இந்த வீட்ல யாரையும் நான் நம்ப மாட்டேன்."

9

செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது ஐம்பது. டிவி வயரையும் என் மாடி வயரையும் நானே பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டேன். குட்டை வயரை அலமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று. ஸ்விட்சில் இரண்டே வயர், இரண்டே விளக்கு. மாமா அதற்கு முன்னால் நாற்காலி போட்டு, சலவைச் சட்டையில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே கம்ப்யூட்டரில் பரீட்சைக் கண்காணிப்பாளர் லைனில் வந்துவிட்டார். அறையைக் காட்டச் சொல்வதும், அக்கா கேமராவைச் சுற்றிக் காட்டுவதும் மெல்லிய கதவு வழியே கேட்டது. பரீட்சை முடிகிறவரை வேறு குரல் எதுவும் கேட்கக்கூடாது என்று அவர் சொன்னதும் கேட்டது. அவர் பேசுவது நம் மொழி இல்லை. எனக்கு ஓரளவு புரியும், மாமாவுக்குப் புரியாது.

"மாப்ளே" என்றார் மாமா. அவரால் முடிந்த அளவு மெதுவாக. "அவ என்னை நம்பி உக்கார வெச்சிருக்கா."

"ஆமா மாமா."

"தெரியாம நம்பறா."

அவளுக்குத் தெரியும் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லக்கூடாது என்று உத்தரவு. "பரீட்சை முடியட்டும் மாமா. சாயங்காலம் சொல்லிக்கலாம்."

"இப்படித்தான் பதினஞ்சு நாளா தள்ளிப் போட்டேன். முடிஞ்சப்புறம் சொன்னா, அவ ஜெயிச்சாலும் நான் ஏமாத்தினவன், தோத்தாலும் நான் ஏமாத்தினவன். அவ ஆரம்பிக்கிறதுக்குள்ள சொல்லிடணும்."

எழுந்துவிட்டார். சட்டையைப் பிடித்தேன், நழுவிவிட்டார். கதவைத் தட்டவில்லை. கதவில் நெற்றி படுகிற அளவு நெருங்கி நின்று, கம்பத்து உச்சியிலிருந்து பேசுகிற குரலில் சொன்னார்.

"அன்னிக்கு அந்த வயரைச் சொருகினது நான்தான்! உன் தம்பி இல்ல! உனக்கு நல்லது பண்றேன்னு நெனச்சுத்தான் பண்ணினேன்!"

போச்சு, எல்லாம் போச்சு.

உள்ளே கண்காணிப்பாளரின் குரல் கடுமையாகக் கேட்டது. யார் அது? உங்களுக்கு விடை சொல்லித் தருகிறாரா? அவர் என்ன சொன்னார் என்று அப்படியே எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு விதி உண்டு. 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் இவர்களும் 'நான்' என்றே சொல்லவேண்டும். எதையும் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. யாருடைய வாயாக இருக்கிறோமோ அவராகவே பேசவேண்டும்.

அக்கா தொண்டையைச் செருமினாள். ஒரு வருஷமாகப் பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்த அதே மொழியில், பிசிறில்லாமல் சொன்னாள்: அன்று அந்த வயரைச் சொருகியது நான்தான். உன் தம்பி இல்லை.

நின்றாள். மூச்சை இழுத்துக்கொண்டது வெளியே கேட்டது.

உனக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்றா, என்ன சொல்றா?" என்று என் கையைப் பிடித்து உலுக்கினார்.

10

கண்காணிப்பாளர் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்குள் நான் மாடிக்கு வந்து மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: வேற்றுக் குரல் கேட்டதால் பரீட்சை ரத்து என்கிறார். விதி அப்படித்தான். ஆனால் இதை எழுதினால் நான் இந்த வீட்டில் எப்படிச் சாப்பிடுவது?

இரண்டு: அவர் லேசாகச் சிரித்து, கூட்டாமல் குறைக்காமல் சொன்னதால் இதையே முதல் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன், முழு மதிப்பெண் என்கிறார். இது மாமாவுக்குப் பிடிக்கும். அதனாலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

மூன்று: அவருக்கும் வீட்டில் ஒரு மனைவி இருந்து, அந்த மனைவியிடம் சொல்லாத ஏதோ ஒன்று இருந்து, அவர்

இல்லை, இதை என்னால் முடிக்க முடியாது. இந்தக் கதையில் என் இஷ்டத்துக்கு ஏற்கெனவே நிறையச் செய்தாயிற்று. ஒருவரை இடத்தை விட்டு எடுத்தேன், ஒரு வாக்கியத்தை ஒளித்தேன், பூனைக்குக் கட்டைவிரல் வைக்கப் பார்த்தேன். இனி உங்கள் பொறுப்பு. உங்களை யாரும் இந்த வீட்டில் சாப்பிடக் கூப்பிடப் போவதில்லை, நீங்கள் நியாயமாகச் சொல்லலாம்.

மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. அக்கா கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கிறாள். கண்காணிப்பாளர் வாயைத் திறக்கிறார். அவர் என்ன சொல்கிறார், சொல்லுங்கள். எதுவானாலும் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். மாமா கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார்.